கரிசலில் கட்டமும் கண்ணும்: ஓவியப் பயிற்சி முறைகள் கடந்து வந்த வழி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி ஊர்களில், ஓவியம் பள்ளிப் பாடமாக நுழைவதற்கு முன்பே உருவத்தைப் பிரித்து அளந்து வரையும் பழக்கம் வீட்டு வாசலில் நிலைபெற்றிருந்தது. நேர்ப்புள்ளியோ ஊடுபுள்ளியோ, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகவோ இரண்டு புள்ளிகளின் நடுவிலோ, மாவைக் கிள்ளி வைத்து வரிசையை எண்ணி முடித்த பிறகே கோலத்தின் இழை தொடங்குவதால், இழுப்பவள் முழு உருவத்தையும் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த வளைவு எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று பார்த்தால் போதும். சேலைக் கரைக்குப் பூ அமைக்கும் நெசவாளரின் கட்டத்தாளும், ஒரு கட்டம் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம் என்ற கணக்கில், இதே வேலையைச் செய்கிறது.

நிறுவனக் கல்வி வேறு திசையிலிருந்து வந்தது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் சொந்த முயற்சியாகத் தொடங்கிய கலைப் பள்ளியை 1855இல் அரசு ஏற்றது. லண்டன் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்டு இந்தியக் கலைப் பள்ளிகளுக்கும் மாதிரியான பாடமுறையில், மாணவர் முதலில் அச்சுப் படத்தின் புறக்கோட்டையும், பிறகு நிழலையும், அதன் பின்னரே சாந்து வார்ப்புச் சிலையையும் பார்த்து வரைய வேண்டும். கைக்குக் கட்டுப்பாடு தந்த இம்முறை கண்ணுக்கு என்ன தந்தது என்பது ஐயத்துக்குரியது.

அந்தப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976), திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி, இறுதியில் இதே கரிசல் நிலத்தின் கோவில்பட்டியில் தங்கினார். அவருடைய சீடர்கள் பாடத்திட்டம் எதுவுமின்றி, குருவின் பக்கத்திலிருந்து வேலை செய்தே பழகினர். அவர்கள் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாக வீடுதோறும் சென்றன. சிறு படத்தைப் படுதா அளவுக்குப் பெரிதாக்கும் தொழிலில் கட்டம் போடுவது அன்றாடக் கருவி. கலைப் பள்ளி மரபோ அதைக் குறுக்கு வழியாகவே பார்த்து வந்தது.

அந்த இளக்காரம் பொருந்தாது என்பதற்குப் பிற்கால ஆய்வு இடம் தருகிறது. பெரும்பாலோரால் கண்டதை ஏன் வரைய முடிவதில்லை என்று 1997இல் சோதித்த கோஹனும் பென்னட்டும், கைப்பழக்கக் குறைவைவிடப் பொருளைத் தவறாகக் காண்பதே முதன்மைக் காரணம் என்று முடிவு செய்தனர். கண்ணுக்கு முன்னிருப்பதை விட்டு, கண் என்றால் இப்படி, மூக்கு என்றால் இப்படி என்று மனம் அறிந்து வைத்ததை வரைவதே அப்பிழையின் ஒரு வடிவம். பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் பரப்பிய தலைகீழ்ப் படப் பயிற்சி, உருவத்தின் பெயரை மறக்கச் செய்து கோட்டை மட்டும் பார்க்க வைப்பது. அதற்கு அவர் சொன்ன இடமூளை, வலமூளை விளக்கம் அறிவியலில் நிற்கவில்லை என்றாலும் பயிற்சி பயனற்றதாகிவிடவில்லை. கட்டமும் அதையே செய்கிறது: ஒரு சதுரத்துக்குள் மூக்கு இல்லை, சாய்ந்த கோடு ஒன்றே இருக்கிறது.

ஆனால் அசையும் ஆளின்மேல் கட்டம் போட இயலாது. அங்கே நினைவு வேண்டும். பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தனிப் பாடமாக்கிய நினைவு வரைதல், கரிசல் வாசல்களில் பெயரின்றி நடந்து வருகிறது. மார்கழிக் கோல நோட்டில் ‘ஊடுபுள்ளி 15–8’ என்ற ஒற்றை வரி போதும்; நேற்றைய கோலம் காலடியில் அழிந்த இடத்திலேயே அதை மீண்டும் இழுத்துவிடுகிறார்கள்.