கடல் கடந்து வந்த பொறிகள்: கண்டி மலைநாட்டின் தனியார் இறக்குமதிகள் சில

ஒருவர் தம் சொந்த நிலத்தில் ஓட்டுவதற்கென வெளிநாட்டிலிருந்து ஓர் உழவு இயந்திரத்தைத் தருவிப்பாராயின், அதனை அவருடைய தனிப்பட்ட காரியம் என்றே உலகம் கருதும். விலை அவருடையது, இலாப நட்டமும் அவருடையவை. ஆயின், கண்டி மலைநாட்டிற்குப் பண்ணைக் கருவிகள் வந்து சேர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, அத்தகைய கொள்வனவு எதுவும் தனித்து வந்ததில்லை என்பது புலனாகும். துறைமுகத்திலிருந்து மலைமுகடு வரை அதனைக் கொண்டுசென்ற பாதை யாருடைய உழைப்பால் அமைந்தது? பழுதுற்றபோது அதனைச் செப்பனிட்ட பட்டறை எங்கே இருந்தது? அது வந்தபின் யாருடைய கை ஓய்ந்தது, யாருடைய கை ஓயவில்லை? ஏக்கர்க் கணக்கையும் ஏற்றுமதித் தொகையையும் விரிவாகத் தரும் பொருளாதார வரலாற்று நூல்கள் இவ்வினாக்களை அத்துணை கருத்தூன்றி ஆராய்வதில்லை.

பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று பெரும்புகழ் ஈட்டிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1845ஆம் ஆண்டில் வேட்டை விருப்பினால் இலங்கைக்கு வந்தவர். காய்ச்சலால் நலிவுற்று நுவரெலியாவிலே இரு வாரங்கள் தங்கி உடல் தேறிய அவர், அக்குளிர்ந்த சமவெளியில் ஆங்கிலப் பண்ணை ஒன்றை நிறுவுவதெனத் துணிந்தார். முடியரசிடமிருந்து ஏக்கர் ஒன்று 20 ஷில்லிங் வீதம் நிலத்தை வாங்கினார். அந்நிலம் முடிக்குரியதானது எவ்வாறு என்பதற்கு 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தை நினைவுகூர்தல் போதும். காடும் சேனையும், எதிரான சான்று காட்டப்படாதவிடத்து, முடிக்கே உரியன என வகுத்த சட்டம் அது.

பேக்கர் தருவித்த பொருள்களின் பட்டியல் சுவையானது. அக்காலத்தில் மிகத் திருந்தியனவாகக் கருதப்பட்ட உழவுக் கருவிகள், பலவகை விதைகள், மரம் அரியும் ஆலைக்குரிய பொறிகள், டர்ஹம்-ஹியர்போர்ட் கலப்பினக் காளை ஒன்று, டர்ஹம் பசு ஒன்று, மூவினச் செம்மறிக் கடாக்கள் மூன்று, உயர்குலக் குதிரை ஒன்று, நரிவேட்டை நாய்கள் சில. இவற்றோடு பண்ணை மேற்பார்வையாளர் ஒருவரும் கொல்லர் ஒருவரும் ஏனைய குடியேற்றக்காரரும் வந்தனர். அனைத்தையும், தம் சகோதரரின் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு 'ஏர்ல் ஒவ் ஹார்ட்விக்' என்னும் கப்பல் 1848 செப்டெம்பரில் இலண்டனிலிருந்து புறப்பட்டது. கருவியோடு கொல்லரையும் அழைத்துவந்தமை பேக்கரின் முன்யோசனைக்குச் சான்றாகும். பின்வந்தோர் பலரிடம் அந்த முன்யோசனை இருந்ததில்லை.

அக்கருவிகள் ஏறிய பாதையின் வரலாறு வேறு. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸின் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைத்து அமைக்கப்பட்ட பெருந்தெரு, இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைப் பயன்படுத்தி வெட்டப்பட்டது. அதனை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் கோபுரம் நிற்கின்றது. கல்லுடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. பேராதனையில் மகாவலியைக் கடந்து நின்ற ஒற்றை வளைவு முதிரைமரப் பாலம் 1833ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதெனினும், 1848ஆம் ஆண்டில் தெருச் சட்டம் என்னும் வடிவில் அதன் நிழல் மீண்டது. ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று ஷில்லிங் செலுத்துதல் வேண்டும். துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றின் மீதான புதிய வரிகளும் சேர்ந்துகொள்ளவே, அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையிலும் கண்டியைச் சூழ்ந்த பகுதிகளிலும் கிளர்ச்சி மூண்டது. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதந்தான் பேக்கரின் கப்பல் இலண்டனிலே பாய்விரித்தது.

மலையேறிய பின் நேர்ந்தவற்றை, 1855இல் வெளிவந்த தம் நூலில் பேக்கர் தாமே ஒளிவின்றி எழுதியுள்ளார். இறம்பொடைக் கணவாயில் அவருடைய குதிரைவண்டி குதிரைகளோடு பள்ளத்தில் வீழ்ந்தது. அதன் சிதைவுகளை மீட்க அனுப்பப்பட்ட யானையைக் குதிரைக்காரன் மலைப்பாதையில் ஓட ஓட விரட்ட, அதுவும் இறந்தது. கால்நடைகளை நோய் கொண்டது. கிழங்குப் பயிரைப் புழு அரித்தது. ஓட்ஸ் கதிரை மரையும் பன்றியும் மேய்ந்தன. குடியேறிய ஆங்கிலத் தொழிலாளர் சிலர் முதலாளியின் சொல்லுக்கு அடங்க மறுத்தனர். இவற்றினும் கருதத்தக்கது, காடு வெட்டித் திருத்திய அந்நிலத்தில் கலப்பை இழுக்கும் வேலையில் யானை பூட்டப்பட்டமையாகும். மலைநாட்டில் ஆங்கிலக் கலப்பையின் பின்னணியில் நின்ற இழுவைச் சக்தி யானையே என்றால், இந்நாட்டின் முதல் உழவு இயந்திரம் அதுவே எனச் சற்று வேடிக்கையாகக் கூறலாம். குடியேற்றம் முற்றாக அழிந்துவிடவில்லை. எருவிட்டு மண் திருந்தியபின் மரக்கறி விளைந்தது. பேக்கர் 1855இல் நாடு திரும்பினார்.

இனிக் கண்டி நகரை நோக்குவோம். கோப்பித் தோட்டங்களுக்கு இன்றியமையாத பொறி, பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி விதையை வேறாக்கும் உரிபொறியாகும். மலையருவிகளில் அமைத்த நீர்ச்சக்கரங்கள் அதனைச் சுழற்றின. பல் தேய்ந்த ஓர் உருளைக்காக ஒவ்வொரு தோட்டத்துரையும் பிரித்தானியாவுக்கு எழுதி, கப்பலுக்காகக் காத்திருப்பாராயின், அறுவடைக் காலமே கடந்துவிடும். 1854ஆம் ஆண்டில் ஜோன் வோக்கர் கண்டியிலே நிறுவிய பொறியியற் கம்பனி இத்தேவையிலிருந்து பிறந்தது. தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் தோன்றியதும் அதே ஆண்டிலாகும். சங்கத்தைப் பற்றி எழுதியோர் பலர். பட்டறையைப் பற்றி எழுதியோர் சிலரே. எனினும், இறக்குமதிப் பொறி மலைநாட்டில் நிலைகொண்டதற்குச் சங்கத்தின் தீர்மானங்களினும் பட்டறையின் உலையே பெரிதும் காரணம் எனல் மிகையன்று.

அப்பட்டறைத் தொழிலின் பயனை ஜேம்ஸ் டெயிலரின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டெயிலர் 1852இல், பதினேழு வயதும் நிறையாத இளைஞராக, கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திற்கு வந்தார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்தைத் தம் வீட்டு விறாந்தையிலே மேசைமீது பரப்பிக் கையால் உருட்டச் செய்து, களிமண் அடுப்பில் கரிநெருப்பின்மேல் உலர்த்தினார். 1869இல் கோப்பி இலைநோய் தலைகாட்டியபோது இச்சிறு முயற்சியின் பெறுமதி எவருக்கும் புலப்படவில்லை.

1872ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் டெயிலர், கொழுந்தை உருட்டுவதற்குத் தாம் கண்டுபிடித்த பொறியொன்று கண்டியிலே செய்யப்படுகின்றது எனத் தெரிவிக்கின்றார். செலவின் பெரும்பகுதி கொழுந்து பறிப்பதிலும் உருட்டுவதிலுமே போகின்றது; உருட்டும் கூலி ஏறத்தாழப் பறிக்கும் கூலியளவு ஆகின்றது என்பது அவர் கணிப்பு. இக்கணக்கு ஆழ்ந்து நோக்கற்பாலது. இருகைத் தொழில்களுள் ஒன்றைப் பொறியிடம் ஒப்படைத்துவிடலாம் என அவர் கண்டார். மற்றையதைப் பற்றி அவருக்கும் வழி தெரியவில்லை. 1873இல் இலண்டனை அடைந்த இலங்கைத் தேயிலை 23 இறாத்தலே.

இதே காலத்தில் அசாமிலே வில்லியம் ஜக்சன் உருட்டும் பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தார். இந்தியாவிலே தேயிலைத் தோட்டக்காரராக இருந்த சாமுவேல் டேவிட்சன், பெல்பாஸ்ற் நகரிலிருந்து 'சிறொக்கோ' என்னும் உலர்த்தும் பொறியை வெளியிட்டார். கோப்பி வீழ்ந்து தேயிலை பரவிய 1880களில் இத்தகைய பொறிகள் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வரலாயின. கண்டிக்கு 1867இலும் நாவலப்பிட்டிக்கு 1874இலும் நானுஓயாவுக்கு 1885இலும் புகையிரதம் எட்டியிருந்தது. பேக்கரின் காலத்தில் மாட்டு வண்டி நாட்கணக்கில் இழுத்த பாரத்தை இப்பொழுது எஞ்சின் இழுத்தது. ஆயினும், புகையிரத நிலையத்திலிருந்து தோட்டத்து ஆலை வரையிலான இறுதிக் கட்டம் மாட்டுக்கும் மனிதத் தோளுக்குமே உரியதாக இருந்தது.

டெயிலரோ தோட்டத்தின் சொந்தக்காரர் அல்லர். சம்பளம் பெற்ற மேற்பார்வையாளரே. 1892இல் அவரைத் தோட்டத்தினின்று விலகுமாறு கம்பனி பணித்தது. விலகுமுன்னரே, அவ்வாண்டு மே 2ஆந் திகதி, வயிற்றுளைவினால் அங்கேயே இறந்தார். பருத்த அவ்வுடலை 24 பேர் இரு பிரிவினராக மாறி மாறிச் சுமந்து, மலைப்பாதை வழியே கண்டி மகியாவை மயானத்திற்குக் கொண்டுவந்தனர்.

பொறி வந்தபின் உருட்டும் கை ஓய்ந்தது. பறிக்கும் கை ஓயவில்லை. அக்கைக்குரியோர் எவ்வாறு வந்தனர் என்பது தமிழறிந்தோர்க்குப் புதிதன்று. தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தோர் அவர்கள். பொறியின் விலையும் கப்பற்கூலியும் தோட்டத்தின் மூலதனச் செலவிற் சேர்ந்தன. தொழிலாளியின் வழிச்செலவோ பெரும்பாலும் அவர்தம் தலையிலே கடனாக ஏறியது. பொறியைத் தெய்வமாக்கியதும் இம்மக்களே. ஆலையின் சக்கரத்தில் உறையும் 'ரோதைமுனி'க்குப் படையலிட்டு, கைகால் சிதையாமற் காக்குமாறு வேண்டிக்கொள்ளும் வழக்கம் மலையகத்தில் வேரூன்றியது. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. சொல் கடல் கடந்தது, பொறி கடல் கடந்தது, முனி தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தார். மூவரும் கூடிய இடம் தேயிலை ஆலை. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் முதலிடம் பெற்றிருந்த தொழிலின் இக்கைகளுக்கு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டுரிமை இல்லையென்றது.

உழவு இயந்திரம் என்னும் சொல் இன்று குறிக்கும் பொருள் கண்டிப் பகுதிக்குப் பிந்தியே வந்தது. நாற்சக்கர இயந்திரம் வறண்ட வலயத்தின் அகன்ற வயல்களுக்கு ஏற்றது. கண்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலோ வயல்கள் படிப்படியாக இறங்குவன, வரம்புகள் வளைந்தவை, வண்டி செல்லும் பாதை வயல் வரை எட்டாது. அங்கே எருமையும் மண்வெட்டியும், 'அத்தம்' எனப்படும் கைமாற்று உழைப்புமே உழவை நடத்தின. இந்நிலைக்குப் பொருந்திய கருவியை ஆக்கியவர் இலங்கையரான ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற அவர் 1950களில் வடிவமைத்த இருசக்கர உழவு இயந்திரத்தை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 'லான்ட்மாஸ்ரர்' என்னும் கம்பனி உற்பத்தி செய்தது. இலங்கைக்காரர் சிந்தித்த கருவி இங்கிலாந்திலே செய்யப்பட்டு இலங்கைக்கு இறக்குமதியானது விந்தையே. இருசக்கர இயந்திரம் எதுவாயினும் அதனை 'லான்ட்மாஸ்ரர்' என்றே அழைக்குமளவுக்கு அப்பெயர் ஈழத்தமிழர் வழக்கில் ஊறிவிட்டது.

1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறுகியிருந்த ஆண்டுகளில், தனியொருவர் தமக்கென ஓர் இயந்திரம் தருவிப்பது எளிதாக இருக்கவில்லை. இயந்திரம் கிடைத்தவருக்கும் உதிரிப்பாகம் கிடைத்தல் அரிது. 1854இல் கண்டிப் பட்டறை தீர்த்துவைத்த சிக்கலே வேறு உருவில் மீண்டது. 1977 நவம்பரில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய இருசக்கர இயந்திரங்கள் பெருகின. அரை ஏக்கர் வயலுக்கு ஒரு முழு இயந்திரம் எவருக்கும் கட்டுப்படியாகாது. எனவே வாங்கியவர் தம் வயலை உழுதபின் அயலவர் வயலை வாடகைக்கு உழுதார். தனிப்பாவனைக்கென வந்த பொருள் ஊரின் வாடகைப் பொருளாயிற்று; உழைப்புக்கு உழைப்பு என்றிருந்த அத்தம், உழவைப் பொறுத்தவரையில், காசுக் கணக்காக மாறத் தொடங்கியது.

விஜேவர்தன தம் கண்டுபிடிப்பைப் பிற்காலத்தில் தாமே கடுமையாக மதிப்பிட்டார். தாம் வேளாண்மையை இயந்திரமயமாக்கவில்லை, எருமையையே இயந்திரமாக்கினார் என்பது அவர் கூற்றின் சாரம். எருமை புல்லைத் தின்று எருவும் பாலும் கன்றும் தரும். இயந்திரமோ இறக்குமதி எண்ணெயைக் குடித்துத் தேயும். 2010இல் மறையும் வரை அவர் வற்புறுத்தியது, சரிவு நிலங்களில் உழவையே இயன்றவரை தவிர்த்து, சமவுயரக் கோட்டிலே கிளிரிசீடியா வேலி நட்டு மண்ணைக் காக்கும் முறையையாகும்.