வலிமையும் கட்டுப்பாடும்: கோல்ப் வீச்சு வளர்ந்த வரலாறு



கோல்ப் என்னும் குழிப்பந்தாட்டத்தைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்றதும், "அது துரைமார்கள் ஆடும் ஆட்டமாயிற்றே, அதில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். சிலாங்கூர் கோல்ப் மன்றம் 1893ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றியபோது, அது வெள்ளையர்களுக்காகத் தோன்றிய மன்றமே. ஆயினும் இந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இரண்டு செய்திகள் நம் கண்ணில் படுகின்றன. ஒன்று, அந்தச் சிறிய பந்து நம் மண்ணில் வளர்ந்த மரங்களின் பாலோடு தொடர்புடையது. மற்றொன்று, பந்தை எப்படி அடிக்க வேண்டும் என்று உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் பலர் துரைமார்கள் அல்லர். அவர்கள் தோட்டக்காரர், தச்சர், கொல்லர் ஆகியோர் வீடுகளில் வளர்ந்தவர்கள். பிறருடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு மைதானத்துக்குள் நுழைந்தவர்கள்.

கோல்ப் ஸ்காட்லாந்து நாட்டில் வேரூன்றிய ஆட்டம். 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்குத் தடை விதித்தது. இளைஞர்கள் நாட்டைக் காக்கும் வில்வித்தையை மறந்துவிட்டு இந்த ஆட்டத்தில் மூழ்கிவிடுகிறார்கள் என்பதே காரணம். தடையை யாரும் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. ஆட்டம் வளர்ந்துகொண்டே போயிற்று.

பழைய காலத்துப் பந்து தோலால் ஆனது. தோலைச் சிறு பையாகத் தைத்து, ஓர் உயரத் தொப்பி நிறையக் கொள்ளும் அளவு இறகுகளை வேகவைத்து, அந்தச் சிறு பைக்குள் திணிப்பார்கள். காய்ந்ததும் அது கல்போல் இறுகிவிடும். கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் நாள் முழுதும் பாடுபட்டாலும் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. ஆகவே விலையும் அதிகம். மழையில் நனைந்தால் பந்து உப்பிப்போகும். இரும்பு மட்டை தவறாகப் பட்டால் கிழிந்துபோகும். இப்படிப்பட்ட பந்தை ஓங்கி வெட்டுவதுபோல் அடிக்கலாகாது. எனவே அக்காலத்து ஆட்டக்காரர்கள் நீண்ட மரமட்டையை உள்ளங்கையில் பிடித்து, உடலைச் சுற்றித் தாழ்வாக வீசி, பந்தைப் பெருக்கித் தள்ளுவதுபோல் அடித்தார்கள். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கடலோர ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸ் பெயரால் இது 'செயிண்ட் ஆண்ட்ரூஸ் வீச்சு' எனப்பட்டது. அழகான வீச்சுதான். ஆனால் பந்து எங்கே போய் விழும் என்பது எப்போதும் உறுதியில்லை.

இந்த நிலையை மாற்றியது நம் நாட்டு மரம் ஒன்று. மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்று அழைத்த பால், தாபான் என்னும் காட்டு மரத்திலிருந்து கிடைத்தது. வெந்நீரில் இட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு அதில் பிடி செய்வதைச் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி கவனித்து, 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். சிங்கப்பூரிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பொதிந்திருந்த கெத்தாவைக் கொண்டுதான் முதல் பந்து உருட்டப்பட்டது என்று ஒரு செவிவழிக் கதையும் வழங்குகிறது. கதை எப்படி இருப்பினும், 1848ஆம் ஆண்டளவில் கெத்தாப் பந்து மைதானத்துக்கு வந்துவிட்டது. விலை குறைவு, மழைக்கும் அஞ்சாது, நசுங்கினால் வெந்நீரில் இட்டு மறுபடியும் உருட்டிக்கொள்ளலாம்.

இறகுப் பந்து செய்து பிழைத்தவர்களுக்கு இது பேரிடியாயிற்று. அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஆலன் ராபர்ட்சன் ஒரு பந்துத் தொழிலாளி. அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் புதிய பந்தைக் கொண்டு ஆடினார் என்பதற்காக இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. மாரிஸ் 1851ஆம் ஆண்டில் பிரெஸ்ட்விக் என்னும் ஊருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார். அந்தப் பிரெஸ்ட்விக்கில்தான் 1860ஆம் ஆண்டில், எட்டே பேர் கலந்துகொண்ட முதல் 'ஓப்பன்' போட்டி நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கெத்தாப் பந்தைப் பற்றி இன்னொரு செய்தி. புதிதாக வழவழவென்று இருக்கும் பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு வடுப்பட்ட பந்து நேராகவும் தொலைவாகவும் பறந்தது. இதைக் கண்ட தொழிலாளர்கள் புதிய பந்திலும் சுத்தியலால் கோடு போடத் தொடங்கினார்கள். இன்று பந்தின் மேல் நாம் காணும் சிறுசிறு குழிகளுக்கு அதுவே தொடக்கம்.

பந்து கடினமாகவே, மட்டையின் தலையும் குட்டையாயிற்று, பருமனாயிற்று. வீச்சும் மாறவேண்டிய வேளை வந்தது. அந்த மாற்றத்தை நிறைவேற்றியவர்களுள் முதன்மையானவர் ஹாரி வார்டன். 1870ஆம் ஆண்டில் ஜெர்சித் தீவில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். அவரது ஊரில் கோல்ப் மைதானம் அமைக்கப்பட்டபோது, ஊர்ச் சிறுவர்கள் பை சுமக்கப் போனார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. மரக்கட்டையைச் செதுக்கி மட்டை செய்துகொண்டு, பெரிய கோலிக்குண்டைப் பந்தாக வைத்து விளையாடினார்கள். வார்டனும் அவர்களில் ஒருவர். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசான் யாரும் இல்லை. பார்த்தார், பழகினார், தமக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டவை யாவை? மட்டையை உடலைச் சுற்றித் தாழ்வாக வீசாமல், நிமிர்த்தி உயரத் தூக்கினார். அதனால் பந்து உயரமாக எழுந்து, மெத்தென்று இறங்கி, விழுந்த இடத்தருகே நின்றது. உள்ளங்கையால் பிடிப்பதை விட்டு, விரல்களால் பிடித்தார். வலக்கைச் சிறுவிரலை இடக்கை ஆட்காட்டி விரலின் மேல் படியவிட்டு, இரு கைகளும் ஒரே கைபோல் இயங்கச் செய்தார். இந்தப் பிடி அவர் கண்டுபிடித்ததன்று. ஜானி லெய்ட்லே என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு முன்பே அப்படிப் பிடித்து ஆடியிருக்கிறார். ஆனால் அந்தப் பிடியையும் நிமிர்ந்த வீச்சையும் பதற்றமில்லாத தாளத்தையும் ஒன்றாகச் சேர்த்து முழுமையாக்கியவர் வார்டன். அதனால்தான் இன்றும் அது 'வார்டன் பிடி' என்று வழங்குகிறது. அவர் ஆறு முறை ஓப்பன் பட்டத்தை வென்றார். 1903ஆம் ஆண்டில் காசநோய் அவரைத் தாக்கியது. அதற்குப் பின்னும் 1911, 1914 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றார். வார்டனும், கூலிவேலை செய்து வளர்ந்த ஜே. எச். டெய்லரும், தச்சுவேலை கற்ற ஜேம்ஸ் பிரெய்டும் சேர்ந்து 1894 முதல் 1914 வரை பதினாறு ஓப்பன் பட்டங்களைப் பெற்றார்கள். மூவரின் வீச்சும் மூன்று விதம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இதற்கிடையே பந்து மறுபடியும் மாறியது. 1898ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கல், ரப்பர் இழையை இழுத்து இழுத்து இறுக்கிச் சுற்றி, மேலே கெத்தா உறை போட்டு ஒரு பந்து செய்தார். 1902ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஸாண்டி ஹெர்ட் அந்தப் பந்தைக் கொண்டு ஆடி, பழைய கெத்தாப் பந்தோடு ஆடிய வார்டனை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் முந்தினார். ரப்பர் பந்தின் காலம் பிறந்தது.

இந்த இடத்தில் நம் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கெத்தா எடுப்பதற்காகத் தாபான் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவும் அதே பால் தேவைப்பட்டதால், காடு காடாக மரங்கள் அழிந்தன. பால் மரத்தின் கதையோ வேறு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறையை நாள்தோறும் விடியற்காலையில் கையில் உளியுடன் நடத்திக் காட்டியவர்கள் நம் மூதாதையர். 1920ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. மரம் சீவிய அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: உளி ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும், மேலாகப் போனால் மங்கில் பால் சேராது. வலிமை வேண்டும், அது கட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். கோல்ப் வீச்சின் சிக்கலும் இதுவேதான்.

பந்துக்குப் பிறகு மாறியது மட்டையின் காம்பு. அதுவரை அது ஹிக்கரி என்னும் மரத்தால் ஆனது. வேகமாக வீசினால் அந்தக் காம்பு முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஆட்டக்காரர் கைகளையும் மணிக்கட்டையும் உருட்டி, தக்க நேரத்தில் மட்டையின் முகத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. பாபி ஜோன்ஸ் 1930ஆம் ஆண்டில் ஒரே ஆண்டுக்குள் நான்கு பெரும் பட்டங்களை வென்றது அத்தகைய மரக்காம்புகளைக் கொண்டுதான். 1920களில் எஃகுக் காம்பு அனுமதிக்கப்பட்டது. எஃகு அதிகம் முறுக்காது. பழைய பழக்கப்படி கைகளை உருட்டியவர்களின் பந்து, இடப்பக்கமாக வளைந்து ஓடியது. டெக்சாஸ் மாநிலத்தில் பை சுமந்து வளர்ந்த பைரன் நெல்சன் இதைக் கண்டுகொண்டு, கைகளின் வேலையைக் குறைத்து, கால்களையும் இடுப்பையும் முன்னே செலுத்தி அடிக்கப் பழகினார். 1945ஆம் ஆண்டில் அவர் தொடர்ந்து பதினொரு போட்டிகளில் வென்றார்.

நெல்சனோடு அதே மைதானத்தில் பை சுமந்தவர் பென் ஹோகன். கொல்லர் ஒருவரின் மகன். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, பத்திரிகை விற்றுக் குடும்பத்துக்கு உதவியவர். மெலிந்த உடல்வாகு, எடை ஏறத்தாழ 63 கிலோதான். தொலைவாக அடிக்க வேண்டும் என்பதற்காக உடல் முழுவதையும் சுழற்றி அடித்தார். பந்து தொலைவாகப் போயிற்று. ஆனால் இடப்புறம் வளைந்து புதரில் விழுந்தது. பத்தாண்டு காலம் வறுமையோடு போராடி, 1940ஆம் ஆண்டில்தான் தனியாக ஒரு வெற்றி கண்டார். பின்னர், சுழற்சியின் வேகத்தை விட்டுக்கொடுக்காமல், இடக்கைப் பிடியைச் சற்று இடப்பக்கம் திருப்பி, வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டைச் சிறிது பின்புறமாக மடித்தார். அதன்பின் எவ்வளவு வேகமாக அடித்தாலும் மட்டையின் முகம் மூடிக்கொள்ளவில்லை. ஒன்று வலிமையைத் தந்தது. மற்றொன்று அதற்குக் கடிவாளம் இட்டது.

1949ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹோகன் சென்ற காரின் மீது பேருந்து ஒன்று மோதியது. மனைவியைக் காப்பதற்காக அவர் குறுக்கே பாய்ந்தார். அதனால் தாமும் உயிர் தப்பினார். இடுப்பெலும்பு முறிந்தது. மறுபடி நடப்பாரா என்பதே ஐயமாயிருந்தது. பதினாறு மாதங்களில், கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு, அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். 1953ஆம் ஆண்டில் மூன்று பெரும் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. தாம் கற்றவற்றை 1957ஆம் ஆண்டில் ஐந்து பாடங்களாக எழுதி நூலாகவும் வெளியிட்டார்.

அறிவியல் இதைப்பற்றி என்ன சொல்கிறது? பிரிட்டனில் ஆய்வு நடத்திய காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். கையை ஓர் ஊசலாகவும், மட்டையை அதன் நுனியில் தொங்கும் மற்றோர் ஊசலாகவும் அவர்கள் விளக்கினார்கள். முதல் ஊசல் இறங்கும்போது மணிக்கட்டு மடங்கியே இருக்க வேண்டும். பந்தை நெருங்கும் வேளையில் தானாக விரிய வேண்டும். முன்கூட்டியே பலத்தைக் கொட்டினால், பந்தை அடையுமுன் வேகம் வீணாகிவிடும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அந்த நேரத்தில் எதையும் திருத்த முடியாது. எல்லாம் அதற்கு முன்பே அமைந்திருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

அப்படியானால் ஒருவரின் பிடியையும் மற்றொருவரின் வீச்சையும் கலந்துகொள்ளலாமா? கலக்கலாம், ஆனால் கண்டபடி கலக்கக்கூடாது. ஜிம் ஹார்டி என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வீச்சை இரு குடும்பங்களாகப் பிரித்தார். நன்றாகக் குனிந்து நின்று, தோளும் கையும் ஒரே சாய்வில் சுழல்வது ஒன்று. சற்று நிமிர்ந்து நின்று, கைகளை உயரத் தூக்கி இறக்குவது மற்றொன்று. இரண்டும் நல்லவையே. ஆனால் ஒன்றின் நிலையில் நின்றுகொண்டு மற்றொன்றின் கையசைவைச் செய்தால் இரண்டும் கெடும் என்பது அவர் கருத்து. ஒரு மாற்றம் செய்தால், அதற்குத் துணையான மற்ற மாற்றங்களையும் செய்தாக வேண்டும். அதற்குக் காலமும் பிடிக்கும். இங்கிலாந்தின் நிக் பால்டோ, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தும், 1985ஆம் ஆண்டில் டேவிட் லெட்பெட்டர் என்ற பயிற்சியாளரிடம் சென்று தம் வீச்சை அடியோடு மாற்றத் தொடங்கினார். இரண்டாண்டுகள் தோல்வியும் கேலியும்தான் மிஞ்சின. 1987ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியின் கடைசி நாளில், பதினெட்டுக் குழிகளிலும் குறித்த அடிகளுக்கு ஒன்று கூடாமலும் குறையாமலும் ஆடிப் பட்டத்தை வென்றார்.

நேயர்களே, இன்று நம் பிள்ளைகளும் இந்த ஆட்டத்தைக் கற்க வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை மட்டையைத் தொட்டாலும் சரி, தையல் ஊசியையோ தச்சு உளியையோ தொட்டாலும் சரி, இந்த வரலாறு சொல்லும் வழி ஒன்றே. வல்லவர்களைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்டறிந்து, உங்கள் உடலுக்கும் கருவிக்கும் பொருந்துமாறு சேர்த்துக்கொள்ளுங்கள். பை சுமக்க வந்த சிறுவர்கள் அப்படித்தான் கற்றார்கள். பையின் சொந்தக்காரர்களே பின்னர் அவர்களிடம் பாடம் கேட்க வந்தார்கள்.