ஒரு வீரன் எத்தனை பேருக்குச் சமம்?

இந்தக் கேள்விக்கு நம் இலக்கணக்காரர்கள் யானைக் கணக்கில் பதில் சொன்னார்கள். போரில் ஆயிரம் யானைகளை வென்றவன்மீதுதான் பரணி பாட வேண்டும். 1971இல் அமெரிக்காவில் இரண்டு பேர் வேறொரு பதிலை அச்சிட்டார்கள்: நாலு பேர். மகாவீரன் என்றால் எட்டுப் பேர். அவ்வளவுதான்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் இன்றைக்கு நம் கைபேசியில் ஓடும் பல விளையாட்டுகள் இப்படி இருப்பதற்குக் காரணம், அந்த நாலு பேர் கணக்கில் திருப்தி வராத ஒருவர். அவர் விதிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ‘நம்ம ஆட்டத்துல இப்படி வெச்சுக்கலாம்’ என்று முடிவு செய்தார். இதற்கு ஹவுஸ் ரூல் என்று பெயர். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ‘ஒன் பிட்ச் கேட்ச் பிடிச்சா அவுட்டு’ என்று பேசிக்கொள்வோமே, அதே சமாச்சாரம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மேசைமேல் போர் நடத்திப் பார்ப்பதை முறையான பயிற்சியாக்கியது பிரஷ்ய ராணுவம். ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அரசருக்குச் செய்துகொடுத்த விளையாட்டை, ராணுவ அதிகாரியான அவருடைய மகன் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். வரைபடம், படைப்பிரிவுகளுக்குப் பதிலாகச் சின்னக் கட்டைகள், பகடை, ஒரு நடுவர். எவ்வளவு சேதம் என்று அட்டவணை சொல்லும். இந்த அட்டவணைகளோடு மல்லுக்கட்டுவதே பெரும்பாடாகப் போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அதையெல்லாம் தூக்கிப் போடுங்கள், போரை அறிந்த நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். புத்தகம் பெரிதா, நடுவர் பெரியவரா என்கிற சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ராணுவத்திலிருந்து இது வீட்டுக் கூடத்துக்கு வந்ததில் எச்.ஜி. வெல்ஸுக்குப் பங்குண்டு. 1913இல் அவர் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகத்தில் ஸ்பிரிங் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துவார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் டோனி பாத் என்பவர் இன்னொரு படி மேலே போனார். கோனன் கதைகளில் வரும் ஹைபோரியா என்ற கற்பனை நிலத்தில் வருடக்கணக்காக ஒரு தொடர் போரை நடத்தினார். ஒரு போர் முடிந்தால் ஆட்டம் முடிந்துவிடாது. தோற்ற அரசன் அடுத்த மாதம் பழிவாங்க வருவான். அந்த அரசர்களின் குணத்தைச் சீட்டு இழுத்துத் தீர்மானித்தார் பாத். பொம்மைக்கு ஒரு குணம் வந்துவிட்டது. அதன் பிறகு அதைச் சாகவிடுவது அத்தனை சுலபமில்லை.

சரி, அந்த நாலு பேர் கணக்குக்கு வருவோம். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். காப்பீட்டு நிறுவன வேலை போய், வீட்டில் செருப்பு பழுதுபார்த்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸ், நண்பர் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதிய இடைக்காலப் போர் விதிநூல்தான் ‘செயின்மெயில்’. பெரனின் நாலு பக்க விதிகளில் தொடங்கி வளர்ந்தது அது. கடைசியில் பின்னிணைப்பாக 14 பக்கம். அதில்தான் மந்திரவாதி, டிராகன், டோல்கீனின் ஹாபிட் எல்லாம் நுழைந்தார்கள். மந்திரவாதி எறியும் நெருப்புருண்டை என்ன சேதம் செய்யும்? பெரிய கவண்பொறி எறியும் கல் விழுந்தால் எவ்வளவு பரப்பு அடிபடுமோ, அவ்வளவு. இந்த யுக்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாயத்தை மாயமாகவே விவரிக்காமல், ஏற்கெனவே கையில் இருக்கும் பீரங்கிக் கணக்கில் சொல்லிவிட்டார்கள்.

வீரனுக்கும் அப்படித்தான். அவன் நாலு சிப்பாய்களின் பலத்தோடு சண்டை போடுவான். அவனைக் கொல்ல ஒரே சமயத்தில் நாலு வெட்டு விழ வேண்டும். மூன்று விழுந்தால்? ஒன்றும் ஆகாது. தூசியைத் தட்டிவிட்டு நிற்பான். நாலு விழுந்தால் பிணம். நடுவில் காயம் என்று ஒன்றே கிடையாது. பெரும்படைகள் மோதும்போது இது வசதியான கணக்கு. ஆனால் அந்த ஒரு பொம்மைதான் நீங்கள் என்றால்?

இந்தக் கேள்வி எழுந்தது மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களில். அங்கே டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் ஒரு விசித்திரமான ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலத்தில் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊர். நண்பர்களுக்குப் படைகளுக்குப் பதிலாக ஆட்களைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஆளாளுக்கு எழுந்துபோய் ரகசியம் பேசி, சதி செய்து, ஆட்டமே குளறுபடியானது. வெஸ்லி இது தோல்வி என்று நினைத்தார். நண்பர்களோ இன்னொன்று நடத்தச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்ன்சன்.

1971இல் ஆர்ன்சன் தொடங்கிய தொடர் ஆட்டத்தின் பெயர் பிளாக்மூர். ஒரு கோட்டை, சுற்றிலும் கொஞ்சம் நாடு, கோட்டைக்கு அடியில் பாதாள அறைகள். செயின்மெயில் விதிகளை வைத்துப் பார்த்தார். ஆட்டக்காரர்கள் தங்கள் வீரனுக்குப் பேர் வைத்து, வாரக்கணக்கில் கூடவே வாழ்ந்துவிட்டு, ஒரு பகடை வீச்சில் அவன் செத்துப்போனதும் முகம் வாடினார்கள். ஆர்ன்சன் தான் முன்பு எழுதிய இன்னொரு விதித்தொகுப்பைக் கையில் எடுத்தார். அது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்கானது. கப்பல் ஒரே குண்டில் மூழ்காது. கவசம் கொஞ்சம் தாங்கும், அடி சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில்தான் மூழ்கும். அந்தக் கணக்கை அப்படியே மனிதனுக்கு மாற்றினார். ஹிட் பாயின்ட், கவச வகுப்பு இரண்டும் வந்த வழி இதுதான். வீரனைக் கப்பலாக்கிவிட்டார் மனிதர்.

சின்ன மாற்றம்போலத் தோன்றும். ஆனால் இதற்குப் பிறகுதான் ஆட்டத்துக்குள் காயம் என்ற ஒன்று வருகிறது. காயம் வந்தால் பயம் வருகிறது, பின்வாங்கலாமா என்ற யோசனை வருகிறது, காயம் ஆற நாள் தேவைப்படுகிறது. அதாவது நாளை என்று ஒன்று வருகிறது.

இதற்காக ஆர்ன்சன் செல்லம் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய ஆட்டக்காரர்கள் பாதாளத்தில் புதையல் தேடுவதிலேயே மெய்மறந்து கிடந்தார்கள். மேலே கோட்டையைக் காப்பாற்ற ஆளில்லை. எதிரிப்படை வந்து பிடித்துக்கொண்டது. நடுவர் நினைத்திருந்தால் ஏதோ சாக்கு சொல்லி மீட்டுக் கொடுத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. கோட்டையை இழந்தவர்களை லாக் குளூமன் என்ற ஏரிப்பக்கம் நாடுகடத்தினார், ஆட்டம் அங்கிருந்து தொடர்ந்தது. நல்ல ஹவுஸ் ரூலுக்கு இதுதான் இலக்கணம் என்பேன். ஒரு பகடைக்கு வீரனைப் பலி கொடுக்காது, அதே நேரம் அவன் செய்த தவறுக்கு அவனே விலை கொடுக்கும்படி விட்டுவிடும்.

1972 இறுதியில் ஆர்ன்சன் லேக் ஜெனீவா சென்று கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அசந்துபோய் விதிகளைக் கேட்டார். வந்தது சுமார் இருபது பக்கக் குறிப்புகள். ஆர்ன்சனின் விதிகளில் பாதி அவர் தலைக்குள் இருந்தன. கைகாக்ஸ் உட்கார்ந்து எழுதினார், விரித்தார், தன் பங்கைச் சேர்த்தார். 1974 ஜனவரியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஒரு பெட்டிக்குள் மூன்று கையேடுகளாக வெளிவந்தது. 1,000 பிரதிகள், விலை 10 டாலர். அட்டையில் அதைப் போர் விளையாட்டுத் தொடருக்கான விதிகள் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு தடயம் இருக்கிறது. போர்வீரன் நாலாம் படிநிலைக்கு ஏறினால் அவன் பட்டம் ‘ஹீரோ’. எட்டாம் படிநிலையில் ‘சூப்பர் ஹீரோ’. செயின்மெயிலின் நாலு பேரும் எட்டுப் பேரும் அங்கே குடியேறிவிட்டார்கள்.

அந்தக் கையேட்டின் முடிவுரை வாசகரிடம், உங்கள் ஆட்டத்தை நீங்களே தீர்மானியுங்கள், எங்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்ற தொனியில் பேசியது. சில வருடங்களில் தொனி மாறியது. ஆட்டம் பெரிய வியாபாரமானது, போட்டிகள் நடந்தன, எங்கு போனாலும் ஒரே விதி தேவைப்பட்டது. ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியுடன் புதிய நூல்கள் வந்தன. விதியை இஷ்டத்துக்கு மாற்றினால் அது இந்த ஆட்டமே இல்லை என்று அதே கைகாக்ஸ் எழுதினார். அந்தப் புதிய நூல்களின் அட்டையில் ஆர்ன்சன் பெயர் இல்லை. 1979இல் அவர் வழக்குத் தொடுத்தார், 1981இல் சமரசம் ஆனது.

கைகாக்ஸை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் உட்கார்ந்து எழுதாமல் போயிருந்தால் பிளாக்மூர் அந்த நண்பர் கூட்டத்தோடு முடிந்திருக்கும். ஆனால் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் விதியை எழுதிய வாக்கியங்களைத்தான் பாதுகாக்கும், விதி என்ற யோசனையை அல்ல. எழுதியவருக்கு அதில் இடமுண்டு. மேசையில் உட்கார்ந்து ‘இப்படி வெச்சுக்கலாமா’ என்று கேட்டவருக்கு இல்லை.

2023 ஜனவரியில் இதே பிரச்சினை மறுபடி வெடித்தது. ஆட்டத்தை இப்போது வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த திறந்த உரிமத்தை இறுக்கப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் வெளியிட்டது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்ன்சன் 2009இலும் இறந்துவிட்டார்கள். இருவருமே இதைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை கைபேசியில் ஆடும்போது உங்கள் ஆள் தலைக்குமேல் ஓடும் பச்சைக் கோட்டைப் பாருங்கள். அடிபட அடிபட அது குறைந்து சிவப்பாகும், நீங்கள் பதறிப்போய் மருந்து தேடுவீர்கள். அந்தக் கோட்டின் பூர்வீகம் ஒரு கப்பல் கணக்கு. நண்பர்களின் முகம் வாடியதைப் பொறுக்காத ஒரு நடுவர் அதைக் கொண்டுவந்து மனிதன்மேல் ஒட்டினார்.