பதிவேடும் பட்டியலும்

தாதியர் தொழிலின் வரலாறு என்றதும், விளக்கேந்திய நைற்றிங்கேல் அம்மையாரின் உருவமே நம் மாணவர் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆயின், நோயாளியின் படுக்கையருகே நின்றோர் யாவரும் சமமாக மதிக்கப்பட்டனரா என்ற வினாவையும் வரலாற்று மாணவன் எழுப்புதல் வேண்டும். பிரித்தானியாவின் அனுபவம் இதற்குத் தக்க விடை தருகிறது.

அங்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம் தாதியருக்கென அரசாங்கப் பதிவேடொன்றை உண்டாக்கியது. 1887 முதல் அதற்காகப் போராடிய பெட்போர்ட் பென்விக் அம்மையாரின் பெயரே அதில் முதலாவதாகப் பதிவாயிற்று. பயிற்சியற்றோரிடமிருந்து நோயாளியைக் காத்த பெருமை அப்பதிவேட்டுக்கு உண்டு. எனினும், மூன்றாண்டுப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் வாய்ப்பற்ற ஏழைப் பெண்கள், பதிவேட்டுக்கு வெளியே நின்றவாறே நோயாளரைத் தூக்கியும் துடைத்தும் உணவூட்டியும் வந்தனர்.

உலகப் போர்க்கால ஆட்பஞ்சமே இவர்களைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியச் செய்தது. 1943இல் ‘உதவித் தாதியர்’ பட்டியல் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பயிற்சிக் காலம் குறுகியது. செய்முறையே அதில் முதன்மை பெற்றது. 1961இல் ‘உதவி’ என்ற சொல் நீக்கப்பட்டது. சொல் நீங்கியும் தடை நீங்கவில்லை. வாட்டுக்குப் பொறுப்பான ‘சிஸ்டர்’ பதவி பதிவேட்டிலுள்ளோர்க்கே உரியதாயிருந்தது.

1948 யூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை உழைக்கும் மக்கள் ஈட்டிய பெருவெற்றி. அவ்வெற்றியைத் தாங்குவதற்கு வேண்டிய கைகளைப் பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளிலும் தேடியது. தாதியாகும் கனவோடு யமேக்காவிலும் பார்படோசிலுமிருந்து கப்பலேறிய இளம் பெண்களிற் பலர், பதிவேட்டுக்கும் பட்டியலுக்குமுள்ள வேறுபாடு விளக்கப்படாமலே, இரண்டாண்டுப் பட்டியற் பயிற்சியிற் சேர்க்கப்பட்டனர். அச்சான்றிதழுக்கோ அவர்தம் தாயகத்தில் மதிப்பில்லை. வந்த நாட்டில் உயரவும் வழியில்லை. சொந்த நாட்டுக்குத் தாதியாகத் திரும்பவும் வழியில்லை. அவர்கள் உழைப்பையும் கொண்டு வைத்தியசாலைகள் இயங்கிய 1960–1963 காலத்திற் சுகாதார அமைச்சராயிருந்த ஈனொக் பவலே, 1968இற் குடியேற்றத்துக்கெதிராகப் பகைமை மூட்டும் உரையை நிகழ்த்தினார் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

1980களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் பட்டியற் பயிற்சியை முடிவுக்குக் கொணர்ந்தது. பழைய தாதியர் பலர், குடும்பச் சுமையோடு மீண்டும் படித்தே பதிவேட்டில் இடம்பெற்றனர். ஆயின் 2017இல் இங்கிலாந்தில், ‘இணைத் தாதியர்’ என்னும் புதிய பெயரில், இரண்டாண்டுப் பயிற்சி மறுபடி தோன்றியது. மேற்படித்துத் தாதியாகும் வழி இவர்களுக்குத் திறந்திருப்பது முன்னேற்றமே. அவ்வழியிற் செல்ல நேரமும் பொருளும் எவர்க்குக் கிட்டுகின்றன என்பதிலேயே அதன் உண்மைப் பயன் தங்கியுள்ளது.

படுக்கைப்புண் வராது நோயாளியைப் புரட்டிக் கிடத்துவதும், நாடித்துடிப்பின் மாற்றத்தைக் கண்டு வைத்தியரை அழைப்பதும் வெறும் கைவேலையல்ல. அவற்றில் அறிவு உண்டு. கைக்கு ஒரு பட்டியல், மூளைக்கு ஒரு பதிவேடு என வகுத்தது நோயின் தேவையன்று. வர்க்கமும் குடியேற்ற ஆட்சியும் வகுத்த வேலி அது. செய்முறைக் கல்வியை ஏழைப் பிள்ளைக்கும் ஏட்டுக் கல்வியை வசதியுள்ள பிள்ளைக்கும் ஒதுக்க முனையும் எவரையும் நோக்கி நாம் எழுப்பவேண்டிய வினா இதிலேயே அடங்கியிருக்கிறது.