ஃப்ளூ மருந்தின் வரலாறு



1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய இன்ஃப்ளூயன்ஸாச் சுரம், சில திங்களுக்குள் இந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அந்நோயை எதிர்க்கும் மருந்து ஒன்றேனும் அக்காலத்து மருத்துவர் கையில் இல்லை. நோயின் காரணம் யாதென்பதும் அவர் அறியார். 1933-இல்தான் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், நோயாளியின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் செலுத்தி, நோயை விளைப்பது ஒரு வைரஸே என்று மெய்ப்பித்தனர்.

பகைவனைக் கண்டறிந்த பின்னும் படைக்கலம் கிடைக்க 33 ஆண்டுகள் சென்றன. 1966-இல் அமெரிக்காவில் அமன்டடீன் என்னும் மருந்து ஃப்ளூவைத் தடுப்பதற்கென அனுமதி பெற்றது. உயிரணுவினுள் புகுந்த வைரஸ் தன் உறையை நீக்கிப் பெருகத் தொடங்குவதை இது தடுக்கும். ஆயினும் 'ஏ' வகை ஃப்ளூவை மட்டுமே இது தாக்கும். 'பி' வகையை ஒன்றும் செய்யாது. இதனினும் பெரிய குறை பின்னர் வெளிப்பட்டது. உலகெங்கும் சோதிக்கப்பட்ட 'ஏ' வகை வைரஸ்களுள் இம்மருந்துக்கு அடங்காதவை 1994-95-இல் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. 2003-04-இல் அவை நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆயின. சில இடங்களில் மருத்துவர் சீட்டின்றியே கடைகளில் இது கிடைத்தமை ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஃப்ளூவுக்கு இவ்வின மருந்துகளைத் தரவேண்டாமென அறிவித்தது. நாற்பது ஆண்டுகளில் ஒரு நல்ல மருந்து இவ்வாறு கைநழுவியது.

இதற்கிடையே மற்றொரு வழி திறந்தது. உயிரணுவினுள் பெருகிய புது வைரஸ்கள் அதனின்று அறுத்துக்கொண்டு வெளியேறக் கத்தரிக்கோல் போல உதவும் ஒரு பொருள் அவற்றின் மேற்புறத்தில் உண்டு. அதன் பெயர் நியூராமினிடேஸ். 1983-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் அதன் வடிவைத் துல்லியமாகக் கண்டனர். அக்கத்தரிக்கோலின் வாயை அடைக்கும் மருந்துகள் இரண்டு 1999-இல் வெளிவந்தன. உறிஞ்சி உள்ளிழுக்கும் ஜனமிவிர் ஒன்று. ஆஸ்துமா உடையோருக்கு அது ஏற்றதன்று. விழுங்கும் ஒசெல்டமிவிர் மற்றொன்று. பின்னதற்குரிய மூலப்பொருள், நம் வீடுகளில் பிரியாணிக்கு இடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அன்னாசிப்பூக் கஷாயம் ஃப்ளூவைத் தீர்க்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பூவில் உள்ள அமிலம் பல வேதியியல் மாற்றங்களைக் கடந்த பின்னரே மருந்தாகிறது.

கத்தரிக்கோல் உவமையை மறவாதீர்கள். மருந்து உண்ணவேண்டிய காலத்தை அதுவே உணர்த்துகிறது. வைரஸ்கள் உடலெங்கும் பரவிய பின் வாயிலை அடைத்துப் பயன் சிறிது. ஆகவேதான் நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்குதல் நன்று என்கின்றனர். நோய் முற்றி மருத்துவமனை சேர்ந்தோருக்கு மட்டும் அக்காலம் கடந்தும் மருத்துவர் தருவதுண்டு. நோயுற்ற பெரியவருக்கு நாள்தோறும் இருவேளையாக 5 நாள் தருவது வழக்கம். நோயாளியுடன் பழகியவருக்குத் தடுப்பாகத் தருவது நாளொன்றுக்கு ஒருவேளை. குழந்தைக்கு எடையைப் பார்த்தும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதன் நிலையைப் பார்த்தும் அளவு மாறும். சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். உணவோடு உண்டால் அவை குறையலாம். இதன் பயனும் அளவுடையதே. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பெரியவர்க்கு 7 நாள் நீடிக்கும் துன்பம் 6.3 நாளாகக் குறைவதாகக் கணக்கிட்டது.

என் பிழை ஒன்றையும் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஃப்ளூ கண்டது. மருத்துவர் 10 மாத்திரைகள் எழுதித் தந்தார். மூன்றாம் நாள் சுரம் விடவே, எஞ்சிய நான்கையும் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் என் தங்கை மகளுக்குச் சுரம் வந்தது. மாத்திரைகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். "டாக்டர் பார்க்கட்டும், அண்ணா" என்று தங்கை தடுத்தாள். இரத்தத்தைச் சோதித்தபோது அது டெங்கு என்று தெரிந்தது. என் மாத்திரை அக்குழந்தைக்கு ஒரு நன்மையும் செய்திராது. மருத்துவரிடம் சேரவேண்டிய நேரத்தை மட்டும் பறித்திருக்கும். படித்தவன் என்ற செருக்கு அன்று எனக்கு அடங்கிற்று.

முறையாக உண்டால் மட்டும் ஆபத்து முற்றும் நீங்கிவிடுமோ என்றால், அதுவும் இல்லை. 2008 ஜனவரியில், ஒசெல்டமிவிருக்கு அடங்காத எச்1என்1 வைரஸ் தன் நாட்டில் பரவுவதை நார்வே அறிவித்தது. அந்நாட்டிலோ அம்மருந்தை உண்டவர் மிகச் சிலரே. வைரஸ் தானாகவும் மாறும். 2009-இல் உலகைச் சூழ்ந்த புதிய எச்1என்1 இம்மருந்துக்கு அடங்கியது நம் நற்பேறு. இத்தகைய நற்பேற்றை எப்போதும் எதிர்பார்த்திருத்தல் அறிவுடைமையாகாது. தடுப்பூசியை இம்மருந்து ஈடுசெய்யாது. சாதாரணச் சளிக்கும் இது உதவாது. சோதித்தறிந்த மருத்துவர் தந்தால் உரிய காலத்தில், உரிய அளவில், சொன்ன நாள் முடியும்வரை உண்ணுங்கள். எஞ்சியதைப் பிறருக்கு ஈயாதீர்கள். 1918-இல் நம் முன்னோர் வெறுங்கையராய் நின்றனர். நம் கையில் இன்று இருப்பதைக் காத்து அடுத்த தலைமுறைக்குத் தருவது நம் பொறுப்பு.