மைக் அணைந்த பிறகு: கருத்துக் கேட்பு விதிகளுக்கு ஒரு காசிமேட்டு உரை

பழைய உரைகாரர்கள் நூலுக்குள் நுழையும் முன் பாயிரம் சொல்வார்கள். இந்த நூலுக்கும் ஒன்று சொல்லிவிடலாம். நூலின் பெயர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு. செய்தது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். நாள் 2006 செப்டம்பர் 14. துறைமுகமோ அனல்மின் நிலையமோ வருவதற்கு முன் ஊராரிடம் எப்படிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது நுதலிய பொருள். கேட்போர், காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலையும் கழிமுகத்தையும் நம்பிப் பிழைப்பவர்கள்.

சில பக்கங்களே உள்ள இந்த விதிகளைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு. மைக்கைப் பிடித்து ஆவேசமாகப் பேசுவார்கள், கைதட்டல் கிடைக்கும், மத்தியானம் ஆனதும் கலைந்துவிடுவார்கள். விதியின் உயிர்நாடி அதற்குப் பிறகுதான் வருகிறது. மூலத்தின் கருத்தைச் சுருக்கித் தந்து, அடியில் உரை சொல்கிறேன்.

மூலம் 1: கூட்டத்தைத் திட்டம் வரும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ, மாவட்டவாரியாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டும். கூடுமானவரை அதிகம் பேர் பங்கேற்க வழி செய்ய வேண்டும்.

நிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி இது. காட்டுப்பள்ளி துறைமுகம் திருவள்ளூர் மாவட்டம். காசிமேடு சென்னை மாவட்டம். கடலுக்கு அப்படி எல்லைக்கல் கிடையாது. எண்ணூர், பழவேற்காடு கடலில் வலை விடும் காசிமேட்டுப் படகுக்காரரும் அந்தத் துறைமுகத்தால் பாதிக்கப்படக் கூடியவரே. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கருக்கு மேல் விரிவாக்க அதானி குழுமம் முன்வைத்த திட்டத்தில், கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அடக்கம். ஓரிடத்தில் கட்டும் தடுப்புச் சுவர் இன்னோரிடத்தில் கரையைத் தின்னும் என்பதைச் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே குடியிருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டியும் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்களே சாட்சி.

“எங்க மாவட்டத்துல கூட்டம் இல்லையே” என்று இருந்துவிட வேண்டியதில்லை. நியாயமான அக்கறை உள்ள எவரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம் என்கிறது இதே அறிவிக்கையின் 7ஆம் பத்தி. நேரில் போனால் பேசவும் வழி இருக்கிறது. அதை ஐந்தாம் மூலத்தில் காண்க.

மூலம் 2: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கையும், ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் எழுதிய அதன் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் முதலிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டம் முடியும்வரை அலுவலக நேரத்தில் யாரும் பார்க்கலாம்.

தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். அத்தனையையும் படிக்க நேரம் இல்லாதவர் முதலில் வரைபடத்தைப் பிரிக்கட்டும். நாம் படகு விடும் ஓடை அதில் இருக்கிறதா, இறால் தடவும் இடத்தைத் தண்ணீர் என்று காட்டியிருக்கிறார்களா, காலி நிலம் என்று காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது. பிற்பாடு மாநில அளவில் புழங்கிய வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பைக் காணோம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற ஆவணங்களை 2017-ல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. ஒரு ஆற்றையே தாளில் அழித்துவிட முடியும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர் இருந்தால் மட்டுமே அது மீளும். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நகல் வாங்கும் உரிமையோடு நிற்கவில்லை. கோப்பை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் உரிமை தருகிறது. ஏன் கேட்கிறாய் என்று அலுவலகம் காரணம் கேட்க முடியாது.

மூலம் 3: ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம் வேண்டும். நாளிதழ் போகாத இடத்தில் பறை, வானொலி, தொலைக்காட்சி வழியே அறிவிக்க வேண்டும். அசாதாரண நெருக்கடி வந்து, ஆட்சியர் பரிந்துரைத்தால் ஒழியக் கூட்டத்தைத் தள்ளிவைக்கக் கூடாது.

முப்பது நாள் தாராளமாகத் தோன்றும். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகு பல நாள் கழித்துத் திரும்பும். மீனை இறக்கி ஏலம் முடிந்ததும் மறுபடி கிளம்பும். அதில் வேலை செய்பவருக்குக் கரையில் கழியும் நாட்களே அவகாசம். இதையும் 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது 2020-ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கை. அந்த வரைவே இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022-ல் அரசு சொல்லிவிட்டது. அது சரியான முடிவு. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஏலக்கூடத்துக்கும் படகுத்துறைக்கும் வர வேண்டும் என்று கிராம நிர்வாகிகள் மனுக் கொடுத்துக் கேட்கலாம்.

தள்ளிவைப்பு பற்றிய பகுதிக்குக் காட்டுப்பள்ளியே உதாரணம். 2021 ஜனவரி 22-க்குக் குறித்த கூட்டம் கொரோனா காலத்தில் நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5-க்குக் குறித்ததும் தள்ளிப்போனது. புதிய தேதி வந்தால் அவகாசம் புதிதாக எண்ணப்பட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மூலம் 4: ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியருக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுத்து நடவடிக்கைக் குறிப்போடு அனுப்ப வேண்டும். வந்தவர்களின் பெயரைப் பதிய வேண்டும். கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச எண்ணிக்கை தேவையில்லை.

கடைசி வாக்கியத்தை இரண்டு தரம் படிக்க வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். கோபத்தில் ஊரே வெளிநடப்பு செய்தாலும், தலைமை அதிகாரி நடத்தி முடித்தால் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. இன்னொன்று, இது ஓட்டெடுப்பு இல்லை. 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் 660 மெகாவாட் அனல்மின் விரிவாக்கத்துக்காக நடந்த கூட்டத்தில் எதிர்ப்புக் குரல் ஓங்கி ஒலித்தது. எதிர்த்தவர் எத்தனை, ஆதரித்தவர் எத்தனை என்று எண்ணி முடிவு சொல்ல இந்த விதியில் இடமே கிடையாது.

அப்படியானால் எதற்கு எடை? காரணத்துக்கு. கோவா சுரங்க விவகாரத்தில் எழுந்த உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: கூட்டத்தில் வந்த ஆட்சேபங்களைத் திட்டத்தை மதிப்பிடும் நிபுணர் குழு பரிசீலித்து, ஏற்கவோ தள்ளவோ காரணம் எழுத வேண்டும். “வேணாம்” என்ற ஒற்றைச் சொல்லைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். “இந்த வாய்க்கால் வழியாகத்தான் எங்கள் படகு போகும், இத்தனாம் பக்க வரைபடத்தில் அது இல்லை” என்பதைக் காரணம் எழுதாமல் தள்ள முடியாது.

மூலம் 5: வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். எல்லாக் கருத்துகளையும் சரியாகப் பதிந்த நடவடிக்கைச் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் உள்ளூர் மொழியில் விளக்கி வாசிக்க வேண்டும். ஒத்துக்கொண்ட குறிப்பில் தலைமை அதிகாரி அன்றே கையெழுத்திட வேண்டும்.

நூல் முழுவதற்கும் முடிமணி இதுதான். ‘வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும்’ என்கிறது விதி. அதில் மாவட்டப் பேதம் இல்லை. காசிமேட்டுக்காரர் வழி இது. ஆனால் பேசியது மினிட்ஸில், அதாவது நடவடிக்கைக் குறிப்பில், ஏறாவிட்டால் டெல்லிக்குப் போகாது. ஏலத்தில் கூவிய விலை எதுவானாலும், நோட்டில் ஏறிய விலைதானே கைக்கு வரும்?

வாசிப்பது சடங்கு அல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994-ல் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் ஊராட்சிக் கணக்குகளை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். எழுத்தில் இருந்த பொய், பெயருக்குரியவர் எதிரே வாசிக்கப்பட்டதும் அம்பலமானது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் அங்கேதான் வேர் பிடித்தது. இந்த விதி அதே வாய்ப்பை அலுவலகக் கூட்டத்துக்குள் வைத்திருக்கிறது. வாசிக்கும்போது உங்கள் பேச்சு இல்லையென்றால், அங்கேயே எழுந்து திருத்தச் சொல்லலாம். அரங்கம் காலியாகிவிட்டால் நாற்காலிகளா ஆட்சேபிக்கும்?

மூலம் 6: நடவடிக்கைக் குறிப்பை உள்ளாட்சி, ஆட்சியர், வாரிய அலுவலகங்களிலும் வாரிய இணையதளத்திலும் வெளியிட வேண்டும். கூட்டம் முடிந்த 8 நாளில் அதை ஒப்புதல் தரும் அமைப்புக்கு அனுப்ப வேண்டும்.

அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியிட்ட குறிப்பில் பிழை இருந்தால் ஒப்புதல் தரும் அமைப்புக்கு நேரடியாக எழுதலாம். வீடியோவின் நகலை 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தோடு தகவல் உரிமையில் கேட்கலாம். பேச்சுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதுவே வழக்குக்கு ஆதாரம்.

உரை இவ்வளவே. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்ல வேண்டியதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பேசி முடித்ததும் கிளம்பாதீர்கள். எத்தனை மணி ஆனாலும் மினிட்ஸ் வாசிக்கப்பட்டு, கையெழுத்து விழும்வரை உட்கார்ந்திருங்கள்.