ஜெர்மனில் உறங்கும் நம் மடல்கள்

முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் தங்கி அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்றதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். அயல்மொழி கற்று நாம் பெற்ற பேறோ அத்துணை பேசப்படுவதில்லை. தூத்துக்குடியிலிருந்து 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கிய தனிநாயகம் அடிகளார், போர்த்துக்கேயம் அறிந்தமையாலன்றோ 1679ஆம் ஆண்டின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபடி நமக்களித்தார்!

ஜெர்மன் மொழியின் கதை இன்னும் உருக்கமானது. 1712 முதல் 1714 வரை, தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு முதலியோரின் வினாக்களுக்குத் தமிழர் விடையெழுதினர். அவற்றுள் 99 மடல்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. தமிழ் மூலங்கள் இன்று நம்மிடம் இல்லை. சமயமும் வாழ்வும் குறித்து நம் முன்னோர் கூறியது அயல்மொழியிலேயே எஞ்சியுள்ளது.

கல்லூரியில் ஜெர்மனைத் துணைப்பாடமாகக் கொள்ளும் பிள்ளைகள் வேலைவாய்ப்பை எண்ணுவதில் குற்றமில்லை. எனினும் அந்த ஜெர்மன் ஏட்டை நேரே படிக்கவல்ல தமிழர் சிலரேனும் நமக்கு வேண்டும்.